அகல டயர் மாட்டியும் ஜீப் புதைகிறதே என்று கேட்டவருக்கு

வேட்டை நிலத்துச் சதுப்பில் அகல டயர் போட்டும் ஜீப் அச்சுவரை இறங்குகிறது என்கிறீர்கள். முதலில் காற்றைப் பாருங்கள். டயர் தரையை அழுத்துவது ஏறக்குறைய உள்ளிருக்கும் காற்றழுத்தத்தின் அளவுதான். நீங்கள் சொன்ன 30 பிஎஸ்ஐயில் அந்த அகலமெல்லாம் வீண். டயர் தாங்குமென்றால் 5 பிஎஸ்ஐ வரைகூடக் குறைக்கலாம். ஆனால் அந்த அளவில் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடக்கூடும். டயரின் விளிம்பை போல்ட் வளையத்தால் இறுக்கிப் பிடிக்கும் ரிம் கட்டாயம் வேண்டும்.

ஆழமான பட்டன் டயரை, அதாவது மேற்பரப்பில் பெரிய கட்டைகள் துருத்தி நிற்கும் டயரை, இன்னொரு முறை யோசியுங்கள். மேலே படர்ந்த வேர்ப்பாய்தான் வண்டியைத் தாங்குகிறது. சக்கரம் சுழன்று அதைக் கிழித்தால் கீழே வெறும் கூழ். பள்ளம் குறைந்த பட்டனே எனக்குச் சரியாகப் படுகிறது.

பெரிய டயருக்கு ஏற்ப டிஃபரென்ஷியல் (அச்சின் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டி) பல்விகிதத்தையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் இழுவை குறைந்து எஞ்சின் திணறும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் காற்றை மறக்காமல் ஏற்றிக்கொள்ளுங்கள்.