வேலை தேடும் மகளிடம் எதைக் கேட்பது?

அன்புள்ள ஐயா,

என் மகள் முதுகலை முடித்து ஒரு வருடம் ஆகிறது. நல்ல மதிப்பெண்கள். தினமும் விண்ணப்பம் போடுகிறாள், பெரும்பாலும் பதிலே வருவதில்லை. இரண்டு இடங்களில் கடைசிச் சுற்று வரை போய் நின்றுவிட்டது. இப்போது ராத்திரி விழித்திருந்து பகலில் தூங்குகிறாள். எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதும் இல்லை. என்னாச்சு என்று கேட்டால் சண்டை, கேட்காவிட்டால் எனக்குத் தூக்கமில்லை. "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்கிறார் என் அண்ணன். கண்டிப்பதா, விட்டுவிடுவதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பகல் தூக்கத்தைச் சோம்பேறித்தனம் என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். 1930 வாக்கில், ஆஸ்திரியாவின் மரியன்தால் என்ற ஊரில் ஆலை மூடப்பட்டு, கிட்டத்தட்ட ஊரே வேலையிழந்தது. சமூக உளவியலாளர் மரி யஹோடாவும் சகாக்களும் அங்கே போய் மக்களைக் கவனித்தார்கள். நாள் முழுக்க ஓய்வு இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகம்கூடக் குறைந்திருந்தது. சம்பளத்தோடு சேர்ந்து காலையில் எழக் காரணம், வெளியே நாலு மனிதர்கள், நம்மாலும் ஆகிற காரியம் உண்டு என்ற எண்ணம் எல்லாம் போய்விடுகின்றன. உங்கள் மகளுக்கு இவை இன்னும் கிடைக்கவே ஆரம்பிக்கவில்லை.

அதனால், முதலில் தினசரி விசாரணையை நிறுத்துங்கள். நல்ல சேதி வந்தால் அவரே ஓடிவந்து சொல்வார். வராத நாளில் உங்கள் கேள்விக்கு அவரிடம் இருப்பது "இல்லை" மட்டும்தான். அதைத் தினமும் அவர் வாயாலேயே சொல்ல வைக்காதீர்கள். வாரத்தில் ஒரு நாள் பேசலாம் என்று இருவருமாக முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் பணம். எத்தனை மாதம், எவ்வளவு உங்களால் முடியும் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சின்னத் தொகையானாலும் மாதத் தொடக்கத்தில் மொத்தமாகக் கொடுங்கள். ஒவ்வொரு செலவுக்கும் வந்து கேட்க வைத்தால் மனம் கூசிப்போகும். வீட்டின் வரவு செலவுக் கணக்கை முழுதாக அவர் கையில் கொடுத்துப் பாருங்கள், அவர் பார்க்காவிட்டால் நின்றுபோகும் பொறுப்பாக அது இருக்கட்டும். ஆனால் "சும்மாதானே இருக்கிறாய்" என்று எல்லா வேலையையும் அவர் தலையில் கட்டிவிடாதீர்கள். பெண்பிள்ளைகளுக்கு இது மிக எளிதாக நடந்துவிடுகிறது.

நீங்களாக எந்த நிறுவனத்துக்கும் போன் செய்ய வேண்டாம். அறிமுகம் செய்துவைக்கலாம், அதுவும் அவரிடம் கேட்டுவிட்டு. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் அமெரிக்காவில் நடத்தி 1970களில் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தத் தெரிந்தவர் எப்போதாவது சந்திப்பவராகவே இருந்தார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும், புதுச் சேதி தள்ளி இருப்பவரிடமிருந்துதான் வரும். உங்கள் பழைய சக ஊழியர் ஒருவரோடு அரை மணி நேரம், வேலை கேட்காமல், அந்தத் துறையைப் பற்றி மட்டும் உங்கள் மகள் பேசிப் பார்க்கட்டும்.

படிப்புக்குச் சற்றுக் குறைவான வேலை வந்தால் தடுக்காதீர்கள். பொருளாதாரம் மந்தமான ஆண்டில் பட்டம் பெற்ற கனடா மாணவர்களை வெகுகாலம் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2012இல் வெளியானது. ஆரம்பத்தில் நல்ல காலத்தில் பட்டம் பெற்றவர்களைவிட அவர்கள் வருமானம் 9 சதவீதம் அளவுக்குக் குறைந்திருந்தது, அந்த இடைவெளி மறைய 10 ஆண்டு வரை ஆனது. சிறிய இடத்தில் தொடங்கி, பிறகு நல்ல நிறுவனங்களுக்கு மாறித்தான் பலர் மீண்டார்கள்.

சாப்பாடும் தூக்கமும் இன்னும் மோசமானால், அல்லது "நான் இருந்து என்ன பயன்" என்கிற மாதிரிப் பேச்சு வந்தால், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

உங்கள் அண்ணன் அடுத்த முறை ஆரம்பித்தால் பேச்சை மாற்றிவிடாதீர்கள். இது வளர்ப்பின் கோளாறு இல்லை, காலம் அப்படி இருக்கிறது, என் மகள்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்று சொல்லுங்கள். மகளின் காதில் விழும்படியே சொல்லுங்கள்.