கேள்வி – பதில்: பீகிள்போன் போர்டுக்குச் சொந்தமாக லினக்ஸ் கட்டுபவர்களுக்கு

பீகிள்போன் பிளாக் என்ற ஒற்றைப் போர்டு கணினியைப் பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். 1 கிகாஹெர்ட்ஸ் கார்டெக்ஸ்-ஏ8 கோர் கொண்ட டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏஎம்3358 சிப், 512 எம்பி ரேம், ரெவ் சி போர்டில் 4 ஜிபி இஎம்எம்சி (போர்டிலேயே பதித்த ஃப்ளாஷ் சேமிப்பு). பதில்கள் எல்லாம் இந்தக் கணக்கை வைத்தே. கடைசி இரண்டு கேள்விகள் மட்டும் வேறு சிப்புகளைப் பற்றியவை.

கேள்வி: போர்டோடு டெபியன் லினக்ஸ் வருகிறதே, நாமே ஏன் கட்ட வேண்டும்? கட்டுவதென்றால் எங்கே தொடங்குவது?

பதில்: பழகிப் பார்க்கவும், நினைத்தபோது ஒரு பேக்கேஜ் நிறுவிக்கொள்ளவும் டெபியனே போதும். ஒரே ஒரு புரோகிராமை ஓட்டிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் போகும் இடத்தில் வருடக்கணக்கில் கிடக்கப்போகும் கருவிக்குத்தான் சொந்தக் கட்டு தேவை. ரூட் ஃபைல்சிஸ்டத்தை (லினக்ஸின் கோப்புகள் எல்லாம் இருக்கும் இடம்) ஸ்குவாஷ்எஃப்எஸ் ஆக்கிவிட்டால் அதில் எழுதவே முடியாது. கரண்ட் போனாலும் கெட எதுவும் இல்லை.

பூட்லோடர், கெர்னல், ரூட் ஃபைல்சிஸ்டம் எல்லாவற்றையும் சோர்ஸிலிருந்து கட்டித் தரும் பில்ட்ரூட் என்ற கருவியில் தொடங்குங்கள். அதே வேலையைச் செய்யும் யோக்டோ, பல போர்டுகளை ஒரே குடையின் கீழ் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு ஏற்றது. அது கேட்கும் டிஸ்க் இடம் நூறு ஜிபியைத் தாண்டும். பில்ட்ரூட்டுக்கு 15 ஜிபி வைத்தால் தாராளம். ஆண்டுதோறும் பிப்ரவரியில் வரும் பதிப்புதான் (2024.02, 2025.02 என்று பெயர் இருக்கும்) நீண்டகாலப் பராமரிப்பு உள்ளது, அதையே எடுங்கள். ஃபோல்டருக்குள் போய் 'மேக் பீகிள்போன்_டெஃப்கான்ஃபிக்', பிறகு வெறும் 'மேக்'. எத்தனை கோர் என்று 'மைனஸ் ஜே' கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு பேக்கேஜுக்குள்ளும் பில்ட்ரூட் தானே வேலையைப் பிரித்துக்கொள்ளும். டூல்செயினையும் (கம்பைலரும் அதன் துணைக் கருவிகளும்) அதுவே கட்டுவதால் முதல் தடவை நான்கு கோர் கணினியில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகலாம். ரூட் பயனராக இருந்து கட்டாதீர்கள்: ஏதாவது பேக்கேஜின் இன்ஸ்டால் வரி தவறினால், அது உங்கள் கணினியின் சொந்தக் கோப்புகளின் மேலேயே எழுதிவிடும்.

விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வழியாகக் கட்டுபவர்கள் முதல் நிமிடத்திலேயே ஒரு பிழையில் முட்டிக்கொள்வார்கள். 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்று நடுவில் இடைவெளி உள்ள விண்டோஸ் பாதைகள் பாத் மாறிக்குள் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) வந்துவிடும். இடைவெளியைக் கண்டால் பில்ட்ரூட் நகராது. கட்டும் முன் பாத் மாறியில் லினக்ஸ் பாதைகளை மட்டும் வையுங்கள்.

முடிந்ததும் அவுட்புட், இமேஜஸ் ஃபோல்டரில் எஸ்டிகார்ட்.ஐஎம்ஜி இருக்கும். கார்டில் எழுதும் முன் 'எல்எஸ்பிஎல்கே' போட்டு எந்தப் பெயர் கார்டு, எந்தப் பெயர் உங்கள் ஹார்டு டிஸ்க் என்று இரண்டு தடவை பாருங்கள். கார்டில் எழுதும் 'டிடி' கட்டளை திரும்பக் கேட்காது.

கேள்வி: கார்டைப் போட்டு 5 வோல்ட் கொடுத்தேன். பவர் விளக்கு மட்டும் எரிகிறது. வேறு எதுவும் இல்லை. எங்கே தவறு?

பதில்: சீரியல் கன்சோல் (போர்டின் செய்திகளைக் கேபிள் வழியாகக் கணினியில் காட்டும் திரை) இல்லாமல் இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். முதலில் 3.3 வோல்ட் யுஎஸ்பி-சீரியல் கேபிள் ஒன்று வாங்குங்கள். 5 வோல்ட் லாஜிக் உள்ளது வேண்டாம், சிப்பின் கால் போய்விடும். போர்டில் ஜே1 என்ற ஆறு முள் தலைப்பில் 1 கிரவுண்ட், 4 போர்டு கேட்கும் முள், 5 போர்டு பேசும் முள். கேபிளின் டிஎக்ஸ் 4க்கும் ஆர்எக்ஸ் 5க்கும் போக வேண்டும். வேகம் 115200.

இனி திரையில் என்ன வருகிறது என்று பாருங்கள். சில விநாடிக்கு ஒரு தடவை ஆங்கில 'சி' எழுத்து மட்டும் வந்துகொண்டிருந்தால், சிப்புக்குள் எரித்து வைக்கப்பட்ட ரோம் கோடு எங்கும் பூட்லோடரைக் காணாமல், "சீரியல் வழியாகவாவது அனுப்புங்கள்" என்று கேட்கிறது. அதாவது கார்டில் எம்எல்ஓ என்ற முதல்நிலைக் கோப்பு அதன் கண்ணுக்குப் படவில்லை. முதல் பார்ட்டிஷன் ஃபேட் ஆக இருந்து, வகை எண் ஹெக்ஸில் 0சி ஆகவும், பூட் கொடி போட்டும் இருக்கிறதா என்று 'எஃப்டிஸ்க்'கில் பாருங்கள். கையால் பார்ட்டிஷன் பிரித்தவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது அந்தக் கொடியை.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு: போர்டு பூட் ஆகும், ஆனால் நீங்கள் கட்டிய யூ-பூட்டில் (கெர்னலை ஏற்றும் பூட்லோடர்) அல்ல. சாதாரணமாக ரோம் தேடும் வரிசை இஎம்எம்சி, எஸ்டி கார்டு, சீரியல், யுஎஸ்பி. இஎம்எம்சியில் பழைய யூ-பூட் இருந்தால் அதுதான் எழும். உங்கள் கார்டில் உள்ள கெர்னலை அந்தப் பழையது ஏற்றிவிட்டு, விளங்காத பிழைகளைத் தரும். கார்டு ஸ்லாட்டின் அருகே உள்ள எஸ்2 பொத்தானை அழுத்தினால் வரிசை எஸ்பிஐ, எஸ்டி கார்டு, யுஎஸ்பி, சீரியல் என்று மாறும். ஒன்று கவனம்: பொத்தானை அழுத்திக்கொண்டே பவர் கொடுக்க வேண்டும். ரீசெட் பொத்தானைத் தட்டினால் போதாது. பூட் வரிசையைச் சொல்லும் கால்களை சிப் பவர் வரும் கணத்தில் மட்டுமே படிக்கிறது. யூ-பூட்டின் முதல் வரியில் கட்டிய தேதி அச்சாகும். எந்த யூ-பூட் ஓடுகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

கேள்வி: "ஸ்டார்ட்டிங் கெர்னல்" என்ற வரி வரை வருகிறது. அதற்குப் பிறகு மயான அமைதி.

பதில்: பாதி நேரம் கெர்னல் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும், பேசும் கதவு மட்டும் தவறு. இந்தச் சிப்பின் சீரியலுக்குப் பழைய டிரைவர் 'டிடிஒய்ஓ0' என்று பெயர் வைத்தது (ஓ எழுத்து, பிறகு பூஜ்ஜியம்). இப்போதைய 8250 டிரைவரில் அது 'டிடிஒய்எஸ்0'. பழைய குறிப்பிலிருந்து பூட் வரியை (யூ-பூட் கெர்னலுக்குக் கொடுக்கும் அமைப்புகள்) நகல் எடுத்தால் இங்கேதான் மாட்டும். பூட் வரியில் 'எர்லிகான்' என்ற சொல்லையும் சேருங்கள். டிரைவர் எழும் முன்பே வரும் செய்திகள் தெரியும்.

அதற்கும் அமைதி என்றால், போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயைச் சந்தேகியுங்கள். பீகிள்போன் வெள்ளைக்கு உரிய டிடிபியை (கம்பைல் செய்த டிவைஸ் ட்ரீ கோப்பு) பிளாக்குக்குக் கொடுக்கக் கூடாது. போர்டில் உள்ள ஈப்ராம் என்ற சிறு நினைவகத்தைப் படித்துத்தான் யூ-பூட் இது எந்தப் போர்டு என்று தீர்மானிக்கிறது. ஈப்ராம் காலியாக உள்ள நகல் போர்டுகளில் இது சறுக்கும். மூன்றாவது காரணம் முகவரி மோதல். ஹெக்ஸில் கெர்னல் 82000000இலும் டிடிபி 88000000இலும் ஏறுவது வழக்கம். இடையே 96 எம்பி. இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று இந்த இடைவெளியைக் குறைத்தால், கெர்னல் தன்னை விரித்துக்கொள்ளும்போது டிடிபியின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிடும்.

கெர்னல் 6.5இலிருந்து ஆர்ம் டிவைஸ் ட்ரீ கோப்புகள் நிறுவனவாரியாக உள்-ஃபோல்டர்களுக்கு மாறிவிட்டன. பில்ட்ரூட் அமைப்பில் 'ஏஎம்335எக்ஸ்-போன்பிளாக்' என்ற பெயருக்கு முன்னால் 'டிஐ/ஓமேப்/' சேர்க்காவிட்டால், கட்டும்போதே "விதி இல்லை" என்று நின்றுவிடும்.

கேள்வி: "அன்ஏபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ்" என்று கெர்னல் பேனிக் ஆகி நின்றுவிடுகிறது. கார்டை மாற்றியும் அதேதான்.

பதில்: கார்டின் மேல் பழி வேண்டாம். அதே வரியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் இரண்டு எண்கள் இருக்கும். 0,0 என்றால் கெர்னலுக்கு அந்தச் சாதனமே தெரியவில்லை. 179,2 போல இருந்தால் கார்டைப் பார்த்துவிட்டது (179 என்பது எம்எம்சிக்கு உரிய எண்), ஆனால் அதிலுள்ள ஃபைல்சிஸ்டத்தைப் படிக்கத் தெரியவில்லை. எக்ஸ்ட்4 அல்லது ஸ்குவாஷ்எஃப்எஸ் கெர்னலில் சேர்க்கப்படவில்லை.

0,0 வந்தால் பேனிக்குக்குச் சற்று மேலே கெர்னல் தான் கண்ட பார்ட்டிஷன்களைப் பட்டியலிட்டிருக்கும். பட்டியலில் கார்டு இருந்தால் பூட் வரியில் பெயர் தவறு. காலியாக இருந்தால் இரண்டு வாய்ப்பு. ஒன்று, பூட் வரியில் 'ரூட்வெயிட்' விட்டுப்போயிருக்கும். கார்டைக் கண்டுபிடிக்கும் வேலை தனியாக நடப்பதால், கெர்னல் அது முடியும் முன்பே ரூட்டைத் தேடிவிடுகிறது. மற்றது, எம்எம்சி டிரைவர் மாட்யூலாக (கெர்னல் பிறகு ஏற்றிக்கொள்ளும் தனிக் கோப்பாக) கட்டப்பட்டிருக்கும். அந்த மாட்யூல் இருப்பது எங்கே? கார்டில். கார்டைத் திறக்க வேண்டிய சாவி கார்டுக்குள்ளேயே பூட்டிக் கிடக்கிறது. அதை 'எம்' அல்ல, 'ஒய்' ஆக வையுங்கள். பழைய கெர்னலின் அமைப்புக் கோப்பை அப்படியே புதியதற்குக் கொண்டுவந்தவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: முன்பு ஓமேப் ஹெச்எஸ் டிரைவர் போதும், இப்போது எஸ்டிஹெச்சிஐ ஓமேப் தேவை.

ரூட்டுக்கு 'எம்எம்சிபிஎல்கே0' என்று எழுதுவதைவிட பார்ட்யூயூஐடி (அந்தப் பார்ட்டிஷனுக்கே உரிய அடையாள எண்) கொடுப்பது நல்லது. கார்டும் இஎம்எம்சியும் எண் மாறி எழுந்தாலும் தப்பலாம்.

கேள்வி: என் புரோகிராம் போர்டில் இருக்கிறது, 'எல்எஸ்' காட்டுகிறது. ஓட்டினால் "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்கிறது!

பதில்: இல்லாதது உங்கள் புரோகிராம் அல்ல, அதை ஏற்றும் லோடர். வேறு டூல்செயினில் கம்பைல் செய்திருக்கிறீர்கள். 'ரீட்எல்ஃப்' கட்டளையை 'மைனஸ் எல்' உடன் ஓட்டினால், எந்த லோடரை அது கேட்கிறது என்று இன்டர்பிரட்டர் வரியில் தெரியும். ஜிலிப்சி என்ற சி நூலகத்தின் ஹார்டு ஃப்ளோட் என்றால் பெயரில் ஆர்ம்ஹெச்எஃப் இருக்கும், சாஃப்ட் ஃப்ளோட்டில் இருக்காது, மஸ்ல் என்ற இன்னொரு சி நூலகம் என்றால் முற்றிலும் வேறு பெயர். பில்ட்ரூட்டின் அவுட்புட், ஹோஸ்ட், பின் ஃபோல்டரில் உள்ள கம்பைலரையே பயன்படுத்துங்கள். சக ஊழியருக்கும் வேண்டுமென்றால் 'மேக் எஸ்டிகே' போட்டால் கட்டித் தூக்கிக்கொடுக்கும் பொட்டலமாகத் தரும்.

புரோகிராம் ஏறிவிட்டு "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்" என்று செத்தால் சிக்கல் வேறு. கார்டெக்ஸ்-ஏ7, ஏ15க்குக் கம்பைல் செய்ததில் முழு எண் வகுத்தல் கட்டளை இருக்கும். ஏ8 கோரில் அது வன்பொருளில் கிடையாது. இரண்டும் ஆர்ம்வி7தானே என்ற நம்பிக்கை இங்கே உடையும்.

கேள்வி: மெனுகான்ஃபிக்கில் (பில்ட்ரூட்டின் அமைப்புத் திரை) மாற்றினேன், 'மேக்' போட்டேன், போர்டில் மாற்றமே இல்லை.

பதில்: பில்ட்ரூட் ஒரு பேக்கேஜை ஒரு தடவை கட்டிவிட்டால் திரும்பிப் பார்க்காது. உதாரணமாக, கர்ல் பேக்கேஜைக் கட்டிய பிறகு ஓப்பன்எஸ்எஸ்எல்லைச் சேர்த்தால் கர்லுக்கு அது தெரியாது; கர்லை 'டர்க்ளீன்' செய்து மறுபடி கட்டுங்கள். ஒரு பேக்கேஜை நீக்கினாலும் அதன் கோப்புகள் டார்கெட் ஃபோல்டரில் அப்படியே கிடக்கும். டூல்செயினைத் தொட்டுவிட்டால் 'மேக் க்ளீன்' தவிர வழியில்லை.

'லினக்ஸ்-மெனுகான்ஃபிக்'கில் செய்தது பில்ட் ஃபோல்டரில்தான் சேமிக்கப்படும். அடுத்த க்ளீனில் காணாமல் போகும். அமைப்புக்குச் சொந்தக் கோப்பு ஒன்றைக் காட்டிவிட்டு 'லினக்ஸ்-அப்டேட்-டெஃப்கான்ஃபிக்' போடுங்கள். டார்கெட் ஃபோல்டரில் கையால் கோப்பு வைப்பதும் இதே கதை. அதற்கு ஓவர்லே ஃபோல்டர் (கட்டும்போது டார்கெட்டின் மேல் நகலாகும் உங்கள் சொந்த ஃபோல்டர்) இருக்கிறது.

கெர்னல் இமேஜை மட்டும் போர்டுக்கு நகல் எடுத்து மாட்யூல்களை விட்டுவிட்டால் "இன்வேலிட் மாட்யூல் ஃபார்மட்" வரும். இரண்டையும் சேர்த்தே அனுப்புங்கள்.

கேள்வி: ரிலே போர்டை பி8 தலைப்பில் இணைத்த பிறகு பூட் ஆவதில்லை. கழற்றினால் ஆகிறது. பவர் போதவில்லையா?

பதில்: பவரையும் பாருங்கள்தான், ஆனால் எந்த முள்ளில் இணைத்தீர்கள்? பி8இல் 31 முதல் 46 வரை உள்ள முட்கள் எல்சிடி தரவுக் கால்கள். பவர் வரும் கணத்தில் சிப் பூட் வரிசையைப் படிப்பதும் அதே கால்களில்தான். உங்கள் ரிலே போர்டின் ரெசிஸ்டர் அவற்றில் ஒன்றை மேலேயோ கீழேயோ இழுத்துவிட்டால், சிப் வேறு எதையோ படித்து வேறு எங்கோ பூட்லோடரைத் தேடும். மேலும் 27 முதல் 46 வரை ஹெச்டிஎம்ஐக்கும், 3 முதல் 6, 20 முதல் 25 வரை இஎம்எம்சிக்கும் போயிருக்கின்றன. ரிலேக்கு பி8இல் 7 முதல் 12 வரை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஹெச்டிடிபிஎஸ் இணைப்பு மட்டும் தோல்வி. சான்றிதழ் பிழை.

பதில்: 'டேட்' என்று தட்டிப் பாருங்கள், 1970 அல்லது 2000 என்று வரும். கடிகாரத்துக்குப் போர்டில் பேட்டரி இல்லை. அத்தனை பழைய ஆண்டில் நின்று பார்த்தால் எந்தச் சான்றிதழும் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை. நெட் இருந்தால், அதிலிருந்து நேரம் எடுக்கும் என்டிபி சேவையைச் சேர்த்து, நேரம் கிடைத்த பிறகே உங்கள் புரோகிராம் எழும்படி செய்யுங்கள். நெட் நிச்சயமில்லை என்றால் டிஎஸ்3231 என்ற பேட்டரிக் கடிகார மாட்யூலை பி9இன் 19, 20 முட்களில் இணையுங்கள், 3.3 வோல்ட்டில் மட்டும். சிப்புக்குள் உள்ள கடிகாரம் ஆர்டிசி0 என்ற பெயரை முதலில் பிடித்துக்கொள்ளும். கெர்னல் அமைப்பில் நேரம் எடுக்கும் சாதனத்தை ஆர்டிசி1 ஆக்காவிட்டால் புதுக் கடிகாரம் வீணாக ஓடிக்கொண்டிருக்கும். தேதி சரியாக இருந்தும் பிழை என்றால், நம்பகமான சான்றிதழ்களின் தொகுப்பான சிஏ-சர்டிஃபிகேட்ஸ் பேக்கேஜைச் சேர்க்க மறந்திருப்பீர்கள்.

கேள்வி: எஸ்டிஎம்32எஃப்103 போர்டில் இதே முறையில் லினக்ஸ் ஏற்றலாமா?

பதில்: முடியாது. பரவலாகக் கிடைக்கும் சி8 வகையில் 20 கேபி ரேம், 64 கேபி ஃப்ளாஷ். எம்எம்யூவும் (நினைவக முகவரிகளை மாற்றிக்கொடுக்கும் பகுதி) இல்லை. ஃப்ரீஆர்டிஓஎஸ் அல்லது செஃபிர் போன்ற சிறிய இயங்குதளத்தை எடுங்கள்.

கேள்வி: ஐஐடி மெட்ராஸின் சக்தி பிராசசருக்கு இந்தப் பழக்கம் உதவுமா?

பதில்: சி-கிளாஸ் கோருக்கு உதவும், அது 64 பிட் ரிஸ்க்-வி (ஆர்ம் அல்லாத வேறு கட்டளைத் தொகுப்பு), எம்எம்யூ உள்ளது, லினக்ஸ் ஓடும். இ-கிளாஸில் எம்எம்யூ இல்லை, முந்தைய பதில்தான். டிவைஸ் ட்ரீ, ரூட் ஃபைல்சிஸ்டம், பில்ட்ரூட் வழக்கங்கள் எல்லாம் அப்படியே செல்லும். புதிதாகக் கற்க வேண்டியது ஓப்பன்எஸ்பிஐ: கெர்னலுக்குக் கீழே மெஷின் நிலையில் உட்கார்ந்து டைமர் போன்றவற்றைக் கெர்னலுக்காகச் செய்து கொடுக்கும். போர்டு கைக்கு வரும் முன் 'க்யூஇஎம்யூ_ரிஸ்க்வி64_விர்ட்_டெஃப்கான்ஃபிக்' எடுத்துக் கட்டி, கணினியிலேயே க்யூஇஎம்யூ எமுலேட்டரில் ஓட்டிப் பழகலாம். அதிலிருந்து வெளியே வர கன்ட்ரோல்-ஏ, பிறகு எக்ஸ்.