கோணல் பிஞ்சும் தட்டிப் பார்க்கும் பழமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இரண்டு ஹெக்டேரில் தர்பூசணி பயிரிட்டிருக்கிறேன். கொடி செழிப்பாகப் படர்ந்து பூவும் நிறைய வைத்திருக்கிறது. ஆனால் பிஞ்சுகள் சிறியதாக இருக்கும்போதே மஞ்சளாகி உதிர்கின்றன. தப்பி நிற்கும் காய்களும் ஒரு பக்கம் சூம்பிக் கோணலாக இருக்கின்றன. நுண்ணூட்டக் கலவையை இருமுறை அடித்தும் மாற்றமில்லை. இலைச்சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கான மருந்தை மட்டும் வாரம் தவறாமல் காலை எட்டு மணிவாக்கில் தெளித்துவிடுகிறேன். குறை எங்கே இருக்கிறது?

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசிக்கு முந்தைய வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனாலும் என் சொல்லை அப்படியே நம்ப வேண்டாம். கோணலான காய்களில் நாலைந்தைப் பறித்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பருத்த பக்கத்தில் விதைகள் வரிசையாகத் திரண்டிருந்து, சூம்பிய பக்கத்தில் மட்டும் வெளிறிய விதைத் தோல்களே தென்பட்டால், மகரந்தம் போதிய அளவு சேரவில்லை என்று பொருள். தர்பூசணிப் பெண் பூவில் மகரந்தத்தை ஏற்கும் நுனியான சூல்முடி மூன்று மடல்களாகப் பிரிந்திருப்பதால், மூன்றிலும் பரவலாக மகரந்தத் தூள் படிந்தால்தான் காய் ஒரே சீராகப் பருக்கும். நல்ல வடிவத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் துகள்கள் தேவைப்படும். அந்தத் தூள் ஒட்டும் தன்மையும் கனமும் உள்ளது என்பதால் காற்று அதைச் சுமப்பதில்லை. தேனீதான் சுமக்க வேண்டும், அதுவும் ஒரே பூவுக்குப் பலமுறை வந்து போக வேண்டும்.

இனி நேரக் கணக்கைப் பாருங்கள். பெண் பூ சூரியன் உதித்த சற்று நேரத்தில் விரிந்து, பிற்பகலில் மூடிக்கொள்கிறது. மறுநாள் அது விரிவதில்லை. ஒரு பழத்துக்குக் கிடைக்கும் வாய்ப்பு அந்தச் சில மணி நேரம் மட்டுமே. நீங்கள் மருந்து தெளிக்கும் எட்டு மணி, பூ முழுதாக விரிந்து தேனீக்கள் வந்து மொய்க்கும் நேரம். நாள் குறித்து வாரந்தோறும் தெளிப்பதை நிறுத்திவிட்டு, வயலின் பல இடங்களில் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்து, அசுவினி உண்மையிலேயே பெருகியிருந்தால் மட்டும், பூக்கள் மூடித் தேனீக்கள் கூடு திரும்பிய மாலை வேளையில் தெளியுங்கள். தேனீக்கு நஞ்சு என்று மருந்துப் புட்டியின் லேபிளில் குறிப்பிட்டிருந்தால், பூக்கும் பருவத்தில் மாலையில்கூட அந்த மருந்தைத் தொடாமலிருப்பதே நல்லது. ஹெக்டேருக்கு இரண்டு முதல் ஐந்து தேனீப் பெட்டிகள் வைப்பது வழக்கம். பெட்டியை முதல் பெண் பூக்கள் வரும் தருணத்தில் கொண்டுவந்து வைத்தால் போதும். முன்கூட்டியே வைத்தால் தேனீக்கள் பக்கத்து வயல் பூக்களுக்குப் பழகிவிடுகின்றன.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் பூப்பவை பெரும்பாலும் ஆண் பூக்களே. அவை உதிர்வது இயல்பு. அதைக் கண்டு தழைச்சத்தைக் கூட்டினால் கொடிதான் நீளும், காய் வராது. விதையில்லா ரகம் போட்டிருப்பவர்கள், மூன்று விதையில்லாச் செடிக்கு ஒரு விதையுள்ள செடி என்ற கணக்கில் மகரந்தத்துக்காகக் கலந்து நட வேண்டும். இதை மறந்துவிட்டு விதை நிறுவனத்தின் மேல் பழி போடுகிறவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: காயின் பூ நுனி கறுத்துத் தோல்போல் ஆகிறது. பழ ஈயின் வேலையா?

பதில்: வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். புழு இருந்தால் ஈ. புழு இல்லாமல் நுனி மட்டும் குழிந்து பழுப்பாக இருந்தால் நுனி அழுகல். பின்னது நோய்க்கிருமியால் வருவதன்று, காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போதாமல் வருவது. அந்தச் சத்து நீரோட்டத்தோடுதான் காய்க்குப் போய்ச் சேர்கிறது. மண் காய்ந்து வெடிக்கும்வரை விட்டுவிட்டு ஒரே நாளில் வெள்ளமாய்ப் பாய்ச்சினால், மண்ணில் சத்து இருந்தும் காய்க்குப் போய்ச் சேராது. சொட்டுநீரில் குறைந்த அளவாக அடிக்கடி விடுங்கள். ஈயாக இருந்தால், தாக்கப்பட்ட காய்களைப் பொறுக்கி அரை மீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் புதையுங்கள். இனக்கவர்ச்சிப் பொறியில் ஆண் ஈக்கள் மட்டுமே விழும் என்பதால், அதை எச்சரிக்கை மணியாக வைத்துக்கொண்டு, பெண் ஈக்களுக்குப் புரத இரைப் பொறியையும் சேர்க்க வேண்டும்.

கேள்வி: அதே நிலத்தில் நான்காவது முறையாக முலாம்பழமும் தர்பூசணியும் மாற்றி மாற்றிப் போடுகிறேன். தர்பூசணிக் கொடிகள் காய்க்கும் சமயத்தில் வாடிச் சாகின்றன. தண்ணீர் குறைவில்லை.

பதில்: முலாம்பழமும் தர்பூசணியும் ஒரே குடும்பம், இது பயிர்ச் சுழற்சி ஆகாது. வாடிய கொடியின் அடித்தண்டை நீளவாக்கில் கீறுங்கள். உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் பியூசேரியம் என்ற மண்பூஞ்சையால் வரும் வாடலாக இருக்கலாம். அந்தப் பூஞ்சை பயிரே இல்லாத மண்ணிலும் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். நோயுற்ற கொடிகளை வயலுக்கு வெளியே அகற்றி, ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் பூசணிக் குடும்பமல்லாத பயிர்களுக்கு மாறுங்கள். மாற்றிப் போட வேறு நிலம் இல்லையென்றால், சுரை அல்லது பூசணி வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிய நாற்றுகள் உள்ளன. 1920களின் இறுதியிலேயே ஜப்பானிய விவசாயிகள் இந்த வழியைக் கையாண்டார்கள். நடும்போது ஒட்டுப்பகுதி மண்ணில் புதையக் கூடாது. புதைந்தால் மேலே ஒட்டிய தர்பூசணித் தண்டு வேர்விட்டு நோயை மீண்டும் வாங்கிக்கொள்ளும்.

கேள்வி: தட்டிப் பார்த்து அறுவடை செய்வது சரியான முறைதானா?

பதில்: பழகிய காதுக்குச் சரி, ஆனால் அறுவடைக்குப் பத்துப் பேர் இறங்கும்போது பத்துக் காதும் ஒன்றாக இராது. தர்பூசணியில் காய்க்காம்புக்கு எதிரேயுள்ள சுருள்கம்பி காய்ந்திருக்கிறதா, மண்ணைத் தொடும் அடிப்பகுதி வெள்ளையிலிருந்து வெண்ணெய் மஞ்சளுக்கு மாறியிருக்கிறதா என்று சேர்த்துப் பாருங்கள். வயலின் நாலு மூலையிலிருந்தும் ஒவ்வொரு பழத்தை அறுத்து, நடுச்சதையின் சாற்றை இனிப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியில் வைத்தால், சர்க்கரையைக் காட்டும் பிரிக்ஸ் அளவு 10-க்கு மேல் வரவேண்டும். பறித்தபின் தர்பூசணி மேலும் இனிக்காது. தோலில் வலைபோல் கோடு விழுந்த முலாம்பழமோ லேசாகத் தள்ளினாலே காம்பிலிருந்து கழன்று வரும். இவ்விரண்டையும் ஒரே அறையில் அடுக்கக் கூடாது: முலாம்பழம் விடும் எத்திலீன் என்ற பழுக்கவைக்கும் வாயு தர்பூசணியின் சதையை நொய்யவைத்துவிடும், தர்பூசணிக்கு வேண்டிய 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் முலாம்பழத்துக்கு அதிக வெப்பம்.