அப்பாச்சி, என்ஜின்எக்ஸ், ஐஐஎஸ் மூன்றிலும் பிழைப் பக்கங்களை ஒரே சீராக அமைப்பது எப்படி?

மூன்று வகை இணைய சர்வர்களிலும் ஒரே தோற்றத்தில் 404 (பக்கம் இல்லை), 500 (சர்வரின் உள்பிழை) பக்கங்கள் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தோற்றம் பெரிய வேலை அல்ல. ஒரு எச்டிஎம்எல் கோப்பை எழுதி மூன்றிலும் வைத்துவிடலாம். கவனம் முழுவதும் தேவைப்படுவது, அந்தப் பக்கத்துடன் செல்லும் நிலைக்குறியீடு (கோரிக்கையின் முடிவைச் சொல்லும் மூன்றிலக்க எண்) மாறாமல் இருப்பதற்குத்தான். "பக்கம் இல்லை" என்று வாசகருக்குச் சொல்லிவிட்டு, பிரவுசருக்கு 200, அதாவது 'எல்லாம் சரி', என்று அனுப்பினால், தேடுபொறிகள் இல்லாத முகவரியை இருப்பதாக எண்ணி மீண்டும் மீண்டும் வந்து பார்க்கும். கண்காணிப்புக் கருவிகளும் எல்லாம் சரியாக நடப்பதாகவே அறிவிக்கும்.

அப்பாச்சியில் 'எரர்டாக்குமென்ட்' என்ற கட்டளைக்குச் சாய்கோட்டில் தொடங்கும் உள்பாதையைக் கொடுத்தால் 404 அப்படியே நிற்கும். அதே இடத்தில் எச்டிடிபி என்று தொடங்கும் முழு முகவரியை எழுதினால், அது உங்கள் சொந்தத் தளத்தின் முகவரியாகவே இருந்தாலும், அப்பாச்சி பிரவுசரை வேறிடத்துக்குத் திருப்பி அனுப்பும். முதலில் எழுந்த 404 அங்கே தொலைந்துபோகும். 401 (உள்நுழைவு தேவை) பிழைக்கு முழு முகவரியைக் கொடுக்கவே கூடாது; அந்தக் குறியீடு பிரவுசரைச் சேராவிட்டால் கடவுச்சொல் கேட்கும் பெட்டியே தோன்றாது.

என்ஜின்எக்ஸில் 'எரர்_பேஜ்' கட்டளை இயல்பாகவே குறியீட்டைக் காப்பாற்றுகிறது. ஆனால் எண்ணுக்கும் பாதைக்கும் இடையே ஒரு சமக்குறியைச் சேர்த்துவிட்டால், பிழைப் பக்கத்தை எடுத்துத் தரும்போது கிடைக்கும் குறியீடே வெளியே போகும். சாதாரணக் கோப்பு என்றால் அது 200. பல மாதிரி அமைப்புகளில் இந்தச் சமக்குறி இருப்பதால், நகலெடுப்பதற்கு முன் அதைத் தேடிப் பார்ப்பது நல்லது.

ஐஐஎஸ் தான் அதிகம் குழப்புவது. அதில் பிழையைக் கையாளும் அடுக்குகள் இரண்டு: பழைய ஏஎஸ்பி டாட்நெட்டின் 'கஸ்டம்எரர்ஸ்', ஐஐஎஸ்ஸின் சொந்த 'எச்டிடிபிஎரர்ஸ்'. முன்னது இயல்பாகவே 302 (வேறு முகவரிக்குப் போ என்னும் குறியீடு) கொடுத்துத் திருப்பி அனுப்பும். திருப்பும் முறையை 'ரெஸ்பான்ஸ்ரீரைட்' என்று மாற்றினாலும், சாதாரண எச்டிஎம்எல் கோப்பைக் காட்டும்போது 200 என்றே போகும். ஆகவே 'எச்டிடிபிஎரர்ஸ்' பகுதியையே நம்பி, 'ரெஸ்பான்ஸ்மோடு' என்பதை 'ஃபைல்' என்று வைக்கும்படி பரிந்துரைக்கிறேன்.

முன்னால் என்ஜின்எக்ஸும், அது கோரிக்கைகளைக் கடத்திவிடும் ஒரு செயலி (தளத்தை இயக்கும் நிரல்) பின்னாலும் இருந்தால், பிழையைப் பற்றி யார் பேசுவது என்பதையும் முடிவு செய்ய வேண்டும். செயலியின் பிழைப் பதிலுக்குப் பதிலாகச் சர்வரின் பக்கத்தை வைக்கும் 'பிராக்ஸி_இன்டர்செப்ட்_எரர்ஸ்' என்பதை எல்லா இடத்திலும் இயக்கினால், ஏபிஐ (பிற நிரல்கள் தரவு கேட்கும் வழி) அனுப்பும் பயனுள்ள ஜேசன் வடிவப் பிழைச் செய்திகளின் இடத்தில் உங்கள் அழகிய 404 பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். அதைப் படிக்க முடியாமல் கைபேசிச் செயலி திணறும். அப்பாச்சியின் 'பிராக்ஸிஎரர்ஓவர்ரைடு', ஐஐஎஸ்ஸில் 'எக்ஸிஸ்டிங்ரெஸ்பான்ஸ்' என்பதற்கு 'ரீப்ளேஸ்' என்ற மதிப்பு ஆகியவற்றுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். செயலியை எட்டவே முடியாதபோது எழும் 502, 504 ஆகியவற்றை என்ஜின்எக்ஸே உருவாக்குவதால், அவற்றுக்கு இந்த அமைப்பை இயக்கத் தேவையே இல்லை.

500 பக்கம் தரவுத்தளத்தையோ செயலியின் வார்ப்புருவையோ நம்பியிருக்கக் கூடாது, ஏனெனில் பல சமயம் பழுதானதே அவைதாம். முகவரிப் பட்டியில் வாசகர் கேட்ட பழைய முகவரியே நிற்பதால், சார்புப் பாதையில் (சாய்கோட்டில் தொடங்காத பாதையில்) எழுதிய சிஎஸ்எஸ் (தோற்றத்தை அமைக்கும் கோப்பு), படங்கள் ஆகியவை ஆழமான முகவரிகளில் கிடைக்காமல் போகும்; அவற்றைத் தளத்தின் வேரிலிருந்து தொடங்கும் பாதையில் எழுதுங்கள், 500 பக்கத்தில் சிஎஸ்எஸ்ஸைப் பக்கத்துக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

முடித்ததும் பிரவுசரில் மட்டும் பார்த்து நிறைவடையாமல், இல்லாத ஒரு முகவரியை கர்ல் என்ற கட்டளைவரிக் கருவி கொண்டு கேட்டு, பதிலின் தலைப்புத் தகவலில் (ஹெடர்) முதல் வரியில் 404 வருகிறதா, திருப்பி அனுப்புவதைக் காட்டும் 'லொக்கேஷன்' என்ற வரி வராமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஐஐஎஸ்ஸின் இயல்பு அமைப்பு, சர்வர் கணினிக்குள்ளிருந்து வரும் கோரிக்கைக்கு மட்டும் விரிவான பிழை விவரத்தைக் காட்டும் என்பதால், அந்தச் சோதனையை வேறொரு கணினியிலிருந்து செய்யுங்கள்.