பசுஞ்சுவர் அமைத்தும் வாசலில் காற்று குறையாதது ஏன்?

12 மாடிக் கட்டடத்தின் முகப்பு முழுவதும் கொடிகளைப் படரவிட்ட பின்பும் மூலையோர வாசலில் காற்றின் வேகம் தணியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இலைகளை இன்னும் அடர்த்தியாக்கினாலும் அது பெரிதாகக் குறையாது.

காரணம் பெரும்பாலும் கட்டடத்தின் வடிவமே. உயரத்தில் வேகமாக வரும் காற்று முகப்பில் மோதி, அதன் ஒரு பகுதி சுவரையொட்டிக் கீழிறங்கி, தரையருகே மூலையைச் சுற்றிப் பாய்கிறது. இலைப்படலம் தன்னுள்ளும் தனக்கு மிக அருகிலும் உள்ள காற்றை மட்டுமே தணிக்கிறது. சுவரின் வெப்பத்தைக் குறைக்க அது உதவும், பல மீட்டர் அகலத்தில் பாயும் காற்றை அடக்க உதவாது.

காற்று வீசும் நாளில், ஒரே நீளமுள்ள துணி நாடாக்களைக் கம்புகளில் கட்டி, மூலைக்கு அருகே சுவரிலிருந்து கால் மீட்டர், 1 மீட்டர், 3 மீட்டர் தொலைவுகளில் நட்டுப் பாருங்கள். அருகிலுள்ளது தளர்ந்தும் மற்றவை விறைத்துப் பறந்தும் இருந்தால், இதுவே காரணம் எனக் கொள்ளலாம். அப்படியானால் வாசலுக்கு மேல் அகலமான விதானமும், மூலையில் காற்று ஓரளவு ஊடுருவும் திரையோ புதர்வரிசையோ பயன்தரும். முழுதும் அடைத்த தடுப்பு தனக்குப் பின்னே சுழலை உண்டாக்கும் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மொட்டைமாடியிலும் செடி வைக்க எண்ணுவதாகச் சொன்னீர்கள். அதனால் வாசலில் மாற்றம் இராது என்பதோடு, கூரையின் விளிம்புகளிலும் மூலைகளிலும்தான் காற்றின் மேல்நோக்கிய உறிஞ்சல் மிகக் கடுமையாக இருக்கும். வேகம் இரு மடங்கானால் விசை 4 மடங்காகும். ஆகவே, விளிம்போரம் மண் நிரப்பாமல் கனமான பாவுகற்களைப் பதித்து, கட்டமைப்புப் பொறியாளரிடம் பாரத்தையும் சரிபார்த்த பின்பே தொடங்குங்கள்.