கொசு மொய்க்கும் பக்கத்து வீட்டுக்கு வராத டெங்கு, சுத்தமாக இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஏன் வந்தது?

மகனுக்கு டெங்கு உறுதியாகிவிட்டது, நாங்கள் வீட்டைப் பளிச்சென்று வைத்திருக்கிறோம், பக்கத்து வீட்டில் அவ்வளவு கொசு இருந்தும் அவர்களுக்கு ஒன்றும் இல்லை, இது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விக்குள் ஒரு குற்ற உணர்வும் தெரிகிறது. முதலில் அதை இறக்கி வையுங்கள். சில வருடங்களுக்கு முன் என் அம்மாவுக்கு டெங்கு வந்தபோது நானும் இதையேதான் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது தேடிப் படித்ததில் எனக்குப் புரிந்தது, சுத்தம் என்ற ஒரே அளவுகோலை வைத்து டெங்குவைப் பார்த்தால் ஒன்றுமே பிடிபடாது என்பதுதான்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை தேவையில்லை. நல்ல தண்ணீர் ஒரு வாரம், பத்து நாள் அசையாமல் நின்றால் போதும், முட்டை கொசுவாகிவிடும். எங்கள் வீட்டுக் குளியலறை மூலையில் ஒரு டிரம் இருந்தது. தண்ணீர் வராத நாளுக்கு உதவும் என்று எப்போதும் நிரப்பியே வைத்திருப்போம். மேலாக மொண்டு எடுப்போம், குறைந்தால் மறுபடி ஊற்றுவோம், அடிவரை காலி செய்தது எப்போது என்று யாருக்கும் நினைவில்லை. ஏடிஸ் பெரும்பாலும் தண்ணீரின் மேல் முட்டை இடுவதில்லை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமாக இருக்கும் பக்கச் சுவரில் ஒட்டி வைக்கும். அந்த முட்டை காய்ந்துபோனாலும் பல மாதங்கள் சாகாது. நாம் மறுபடி தண்ணீர் ஊற்றி மட்டம் ஏறியதும் மூழ்கிப் பொரிக்கும். அதாவது நாங்கள் ஒவ்வொரு முறை டிரம்மை நிரப்பியபோதும், காத்திருந்த முட்டைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தோம். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு நாள் டார்ச் அடித்துப் பார்த்தேன், உள்ளே புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. அதற்கு இரண்டடி தள்ளி, அம்மா அன்றாடம் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய தரை பளபளவென்று இருந்தது.

அதனால் டிரம், தொட்டி எதுவானாலும் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாரத்துக்கு ஒரு முறை உள்சுவரை முரட்டு பிரஷ் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும், அப்புறம் இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். பூந்தொட்டித் தட்டு, ஏர்கூலர், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மொட்டை மாடியில் கிடக்கும் பழைய டயர் இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், பாருங்கள். ஆனால் பெரும்பாலான கொசுக்கள் கிளம்புவது எண்ணிக்கையில் குறைந்த, தண்ணீர் நிறையப் பிடிக்கிற, யாரும் கிளறாத சில பாத்திரங்களில் இருந்துதான். அவற்றைக் கண்டுபிடிப்பதில் நேரம் செலவழியுங்கள்.

சரி, பக்கத்து வீடு. அங்கே சாயங்காலத்துக்குப் பிறகு கூட்டமாக மொய்ப்பது அநேகமாகச் சாக்கடையில் வளரும் கியூலெக்ஸ் கொசுவாக இருக்கும், அது டெங்குவைப் பரப்பாது. ஏடிஸ் பகலில் கடிப்பது, காலையிலும் பொழுது சாய்வதற்கு முந்திய நேரத்திலும் அதிகம். சத்தம் போடாமல் கணுக்காலில் கடித்துவிட்டுக் கட்டிலுக்கு அடியிலோ தொங்கும் துணிக்குப் பின்னாலோ போய் உட்கார்ந்துவிடும். ஒரே வீட்டில் நாலு பேரைக் கடிக்கும். அதனால் "எங்கள் வீட்டில் கொசுவே இல்லை" என்று தோன்றுவது சகஜம். இன்னொன்று, டெங்கு தொற்றுகிறவர்களில் சுமார் நான்கில் மூன்று பேருக்கு வெளியே தெரியும்படி எதுவும் இருக்காது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு வராமலும் இருந்திருக்கலாம், வந்து தெரியாமலே போயிருக்கலாம், அல்லது அதே வகை வைரஸ் முன்பே வந்து எதிர்ப்புச் சக்தி இருக்கலாம்.

கொசு எண்ணிக்கையும் டெங்குவும் கைகோர்த்துப் போகாது என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம், ஒரே ஆற்றின் இரு கரையில் இருக்கும் இரண்டு ஊர்கள். அமெரிக்காவின் லாரேடோ, மெக்சிகோவின் நுவோ லாரேடோ. 1999ல் அங்கே நடந்த ஆய்வில் ஏடிஸ் கொசு அதிகம் இருந்தது அமெரிக்கப் பக்கம். ஆனால் சமீபத்தில் டெங்கு தொற்றியிருந்தவர்கள் அங்கே சுமார் 1.3 சதவீதம், மெக்சிகோ பக்கம் 16 சதவீதம். முக்கியக் காரணமாக ஆய்வாளர்கள் சொன்னது ஏசியும் மூடிய ஜன்னலும். கொசு வெளியே இருந்தது, மனிதர்கள் உள்ளே இருந்தார்கள். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 1966ல் சிங்கப்பூரில் கிட்டத்தட்ட பாதி வீடுகளில் ஏடிஸ் புழு இருந்தது, கடுமையாக வேலை செய்து பின்னர் அதை நூற்றுக்கு இரண்டு வீடு என்ற அளவுக்குக் கொண்டுவந்தார்கள். அப்படியும் 1990களில் டெங்கு திரும்பி வந்தது. நீண்ட காலம் நோய் குறைந்திருந்ததால் மக்களிடம் எதிர்ப்புச் சக்தி குறைந்தது ஒரு காரணம், வேலையிடம், பள்ளி என்று வீட்டுக்கு வெளியே தொற்றியது இன்னொன்று.

இந்த வெளியே என்பதை நாம் யோசிப்பதே இல்லை. ஏடிஸ் பொதுவாகத் தான் பிறந்த இடத்தில் இருந்து சில நூறு மீட்டருக்குள்தான் சுற்றும். வைரஸை அதற்கு மேல் சுமந்து போவது நாம்தான். பெரு நாட்டின் இகிடோஸ் நகரில் காய்ச்சல் வந்தவர்கள் அதற்கு முந்திய நாட்களில் போய்வந்த வீடுகளைத் தேடிப்போய்ப் பரிசோதித்தார்கள். தொற்று அதிகம் இருந்தது சொந்தக்காரர், நண்பர் என்று நெருங்கிப் பழகும் வீடுகளில்தான். உங்கள் மகன் பகல் முழுக்க இருக்கும் வகுப்பறையிலோ, விளையாடப் போகும் வீட்டிலோகூடக் கடி வாங்கியிருக்கலாம். உங்கள் வீட்டுத் தரையைப் பார்த்து அதற்கு விடை சொல்ல முடியாது.

எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத குடும்பத்திடம் போய் "தண்ணீரைச் சேர்த்து வைக்காதீர்கள்" என்று சொல்வது. வியட்நாமின் கான் ஹோவா மாகாணத் தரவுகளை வைத்து 2011ல் வெளியான ஆய்வில், சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 3,000 முதல் 7,000 பேர் வாழ்ந்து குழாய் நீரும் சரியாக இல்லாத பகுதிகளில்தான் டெங்கு அபாயம் மிக அதிகமாக இருந்தது. மூடி இல்லாத டிரம் வைத்திருக்கும் அம்மாவைத் திட்டுவதால் குழாயில் தண்ணீர் வந்துவிடாது. வாடகைக்கு இருப்பவர் மாடித் தொட்டியின் மூடியை மாற்ற முடியாது, வீட்டுக்காரர் அங்கே வசிப்பதில்லை, பூட்டிக் கிடக்கும் எதிர்வீட்டுத் தொட்டியைத் திறந்து பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. "அசுத்தமான வீட்டில்தான் டெங்கு வரும்" என்ற பேச்சு இதைவிடக் கெடுதல், காய்ச்சல் வந்தவர்கள் வெளியே சொல்லவே கூசுகிறார்கள். நாங்களும் நாலு நாள் சொல்லவில்லை. அந்த நாலு நாளில் தெருவில் ஒருவருக்கும் தங்கள் தொட்டியைத் திறந்து பார்க்கத் தோன்றியிருக்காது, அதை நினைத்தால் இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

ஆகவே நீங்கள் இன்றே அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுங்கள். காய்ச்சல் தொடங்கி முதல் ஐந்து நாள் அளவுக்கு நோயாளியைக் கடிக்கும் கொசு வைரஸை எடுத்துக்கொள்ளும், எட்டு முதல் பன்னிரண்டு நாளில் அது மற்றவர்களுக்குப் பரப்பத் தயாராகிவிடும். அதனால் மகனைப் பகலிலும் வலைக்குள் படுக்க வையுங்கள். புகை அடித்தால் பறக்கும் கொசுவில் கொஞ்சம் சாகும், முட்டைக்கும் புழுவுக்கும் ஒன்றும் ஆகாது, அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

அப்புறம், காய்ச்சல் இறங்கிவிட்டது என்று நிம்மதியாகிவிடாதீர்கள். இறங்கிய பிறகு வரும் ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தானது. கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அசதியோடு மயக்கம், இதில் எது தெரிந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் கொடுக்கவே கூடாது. எப்படி இருக்கிறான் என்று நேரம் கிடைக்கும்போது இங்கே ஒரு வரி எழுதுங்கள்.