நாலு பேர் கூடி உட்கார்ந்தால் யோசனை வருமா?

கேள்வி: தென்காசி பக்கம் வீட்டிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி அரைத்து பாக்கெட் போட்டு விற்கிறோம். மாமனார் ஆரம்பித்த தொழில். இப்போது எங்கள் தெருவிலேயே இன்னும் மூன்று பேர் இதைச் செய்கிறார்கள். புதிதாக ஏதாவது கொண்டுவரலாம் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசுகிறோம். ஒன்றரை மணி நேரம் போகிறது, காபி தீர்கிறது, யோசனை மட்டும் வருவதில்லை. எனக்குக் கற்பனை குறைவோ என்று சந்தேகமாக இருக்கிறது. இதற்கு ஏதாவது வழிமுறை உண்டா?

பதில்: உங்கள் கற்பனையைச் சந்தேகப்படும் முன் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைச் சந்தேகப்படுங்கள். நடப்பதை ஓரளவு ஊகிக்க முடிகிறது. மாமனார் முதலில் பேசுவார். இரண்டாவது ஆள் அதையே கொஞ்சம் திருப்பிச் சொல்வார். நீங்கள் ஒன்று சொல்ல வாயெடுப்பதற்குள் "அதெல்லாம் அப்பவே பண்ணிப் பார்த்தாச்சு" என்று வந்துவிடும். அப்புறம் காபி.

இப்படிக் கூடிப் பேசுவதற்கு ஒரு முறையை வகுத்துக் கொடுத்தவர் அலெக்ஸ் ஆஸ்போர்ன் என்ற அமெரிக்க விளம்பரத் துறைக்காரர். பிரைன்ஸ்டார்மிங் என்ற சொல் அவரால்தான் பரவியது. தோன்றியதையெல்லாம் சொல்லுங்கள், அந்த நேரத்தில் யாரும் குறை சொல்லக் கூடாது என்பது அவருடைய விதி. நல்ல விதிதான். ஆனால் 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தபோது, கூடிப் பேசிய நால்வரைவிட, தனித்தனியே யோசித்த நால்வரின் யோசனைகளை ஒன்றாகச் சேர்த்தால் ஏறத்தாழ இரண்டு மடங்கு கிடைத்தது. காரணத்தை 1987இல் டீல், ஸ்ட்ரோபே என்ற இரு ஆய்வாளர்கள் தேடினார்கள். கூச்சமும் சோம்பலும் ஓரளவுக்குத்தான்; பெரிய இடைஞ்சல், ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருப்பது. தன் முறை வருவதற்குள் பாதி மறந்துபோகிறது, மீதி "இதைப் போய்ச் சொல்வானேன்" என்று தோன்றிவிடுகிறது.

அதனால் முதல் வேலை, பேசாமல் எழுதுவது. பெர்ண்ட் ரோர்பாக் என்ற ஜெர்மானியர் 1968இல் சொன்ன முறைக்கு 6-3-5 என்று பெயர். ஆறு பேர், ஆளுக்கு மூன்று யோசனை, ஐந்து நிமிடம். நேரம் முடிந்ததும் தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிட வேண்டும். அவர் அதைப் படித்து, அதை வளர்த்தோ புதிதாகவோ மூன்று எழுத வேண்டும். இப்படித் தாள்கள் ஆறு சுற்று வந்தால் அரை மணியில் 108 யோசனை. உங்கள் வீட்டில் ஐந்து பேர்தான் என்றால், ஐந்து சுற்றில், 25 நிமிடத்தில் 75. பாக்கெட் ஒட்ட வரும் அக்காவையும் கட்டாயம் உட்கார வையுங்கள். கடைக்காரர்கள் திருப்பிக் கொடுப்பதை எல்லாம் முதலில் பார்ப்பது அவர்தான். கையெழுத்தை வைத்து இது யார் எழுதியது என்று கண்டுபிடிப்பார்களே என்றால், கடைசியில் வீட்டுப் பையனை விட்டு எல்லாவற்றையும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதல் பத்துப் பதினைந்து யோசனைகள் மட்டமாகத்தான் இருக்கும். கொள்ளுப் பொடி, முருங்கைக்கீரைப் பொடி என்று எல்லாக் கடையிலும் தொங்குவதே வரும். அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். சுலபமானவை தீர்ந்த பிறகுதான் மனசு வேறு பக்கம் திரும்பும்.

சரி, எதைப் பற்றி எழுதுவது? "புதிதாக என்ன செய்யலாம்" என்ற கேள்வியைத் தாளின் தலையில் போட்டால் எல்லாரும் மோட்டுவளையைப் பார்ப்பார்கள். கேள்வியை உடைக்க வேண்டும். ஆஸ்போர்ன் எழுதிவைத்த கேள்விகளை பாப் எபர்லே என்ற கல்வியாளர் 1971இல் ஒழுங்குபடுத்தி ஸ்கேம்பர் என்று பெயரிட்டார். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடு, சேர், வேறிடத்திலிருந்து எடு, அளவை மாற்று, வேறு வேலைக்குப் பயன்படுத்து, நீக்கு, தலைகீழாக்கு. ஏழையும் ஒரே நாளில் எடுக்க வேண்டாம். ஞாயிற்றுக்கு ஒன்று போதும்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அரிசிக்குப் பதில் ரவையைப் போட்டு ரவா இட்லி செய்ததாக பெங்களூரு எம்.டி.ஆர். உணவகம் (மாவள்ளி டிபன் ரூம்ஸ்) சொல்கிறது. கடலூர் சின்னிகிருஷ்ணன் ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் போட்டார். முழு பாட்டில் வாங்க முடியாதவர்கள் கைக்கும் அது போய்ச் சேர்ந்தது. அளவை மாற்றியதுதான் அங்கே யோசனை.

எனக்கு ரொம்பப் பிடித்தது தலைகீழாக்குவது. ஆட்டுக்கல்லை நினைத்துப் பாருங்கள். கல் அசையாது, குழவியைத்தான் சுற்றுவோம். மாவை இன்னொரு கையால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கோயம்புத்தூர் கிரைண்டரில் சுற்றுவது பாத்திரம். குழவியைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். எது சுற்றுகிறது, எது நிற்கிறது என்பதை மாற்றிப் போட்டதும் கைக்கு வேலை போய்விட்டது.

உங்கள் பொடியை இப்படித் திருப்பலாமா? இப்போது அளவும் பக்குவமும் உங்களுடையவை, வாங்குவது மட்டும் அவர்கள். அளவை அவர்கள் கொடுத்தால்? வெளிநாடு போகிற மகனுக்கு அம்மா கைப்பக்குவத்தில் பொடி கொடுத்தனுப்ப ஆசைப்படுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. மில்லில் அரைத்துத்தான் கொடுப்பார்கள், பருப்பையும் மிளகாயையும் வறுத்துத் தர மாட்டார்கள். முழங்கால் வலியோடு அடுப்பு முன்னால் நின்று மூன்று கிலோ வறுக்க முடியாத அந்த அம்மா, அளவைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், நீங்கள் வறுத்து அரைத்துக் கொடுக்கலாம். தெருவில் இருக்கும் மற்ற மூன்று பேரோடு விலையில் மோத வேண்டியதே இல்லை. இது ஓடும் என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஆனால் "புதுப் பொடி என்ன" என்று கேட்டிருந்தால் இது வந்திருக்காது.

அகராதியைப் பிரித்துக் கண்ணில் பட்ட சொல்லோடு நம் பிரச்சினையை முடிச்சுப் போட்டு யோசிப்பது என்றும் ஒரு முறை உண்டு. யோசிக்கும் முறைகளைப் பற்றிப் பல புத்தகங்கள் எழுதிய எட்வர்ட் டி போனோ பிரபலப்படுத்தியது. விளையாட்டாகச் செய்து பாருங்கள், தப்பில்லை. அதைவிட உங்களுக்குப் பிரயோஜனமானது, உங்கள் பொடி தொங்கும் கடையில் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் நிற்பது. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்காமல் மாட்டிவிட்டுப் போகிறவர்களைக் கவனியுங்கள். அவர்கள் கேட்பதை அதே வார்த்தையில் நோட்டில் எழுதுங்கள். "பூண்டு போட்டதா?" "பிள்ளைக்குக் காரம் தாங்குமா?" "எண்ணெய் தனியா வாங்கணுமா?" அடுத்த ஞாயிற்றுக்கிழமைத் தாளின் தலையில் இந்த வரிகளையே போட்டுக்கொள்ளலாம்.

தேர்ந்தெடுப்பதை அதே நாளில் செய்யாதீர்கள். இரண்டு நாள் கழித்து, 75இல் மூன்றை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் 20 பாக்கெட் போட்டுப் பாருங்கள். முதல் தடவை வாங்குவது ஆசையில். இரண்டாவது தடவை கேட்டு வருகிறார்களா என்பதைத்தான் எண்ண வேண்டும். எண்ணெயில் குழைத்த பொடி, ஈரப்பதம் உள்ள பொடி என்றால் 20 பாக்கெட்டில் இரண்டை எடுத்து வைத்து, வாரம் ஒரு தடவை பிரித்து மோந்து பாருங்கள். காறல் வாடை எப்போது வருகிறது என்று தெரியாமல் தேதி ஒட்ட முடியாது. அந்த மோப்பமும், எது தேறும் எது தேறாது என்ற கணக்கும் உங்கள் வீட்டில் மாமனாரிடம்தான் இருக்கும். எழுதும் நாளில் அவரும் மற்றவர்களைப் போல வாய் திறக்காமல் எழுதட்டும். தேர்ந்தெடுக்கும் நாளில் அவர்தான் முதலில் பேச வேண்டும்.